ஜப்பான் ஃபைட்டர், டாங்க் மாடல் பண்றவங்களுக்கு: பெயிண்ட் பாட்டிலைத் தொறக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

ஜப்பான் விமானமோ டாங்கோ மாடல் பண்ண ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் கிட் டப்பாவைத் தொறந்ததும் இன்ஸ்ட்ரக்ஷன் ஷீட்ல இருக்கிற பெயிண்ட் நம்பரைப் பாத்து அப்படியே வாங்கி அடிச்சிடறாங்க. தப்புன்னு சொல்லல, ஓரளவுக்கு நல்லாவே வரும். ஆனா ஜப்பான் சப்ஜெக்ட்ல ஒரு விஷயம் இருக்கு, ஒரே விமானத்தை ரெண்டு ஃபேக்டரி செஞ்சிருக்கும், ரெண்டும் வேற வேற பெயிண்ட் அடிச்சிருக்கும், அதுலயும் 1941ல ஒரு மாதிரி 1944ல இன்னொரு மாதிரி. அதனால முதல்ல மூணு கேள்வி கேட்டுக்கோங்க. ஆர்மியா நேவியா? எந்த ஃபேக்டரி? எந்த வருஷம்? இந்த மூணுக்கும் பதில் கிடைச்சிடுச்சுன்னா காக்பிட் கலர்ல இருந்து பெயிண்ட் எங்க உரியணும்ங்கற வரைக்கும் முக்கால்வாசி தானா முடிவாயிடும்.

பேரே பாதி பதிலைச் சொல்லிடும். நேவி விமானம்னா ஏ6எம்2 (ஜீரோன்னு பிரபலமான ஃபைட்டர்) மாதிரி ஒரு குறியீடு இருக்கும். இதுல 'ஏ' எழுத்துக்கு அர்த்தம் கப்பல்ல இருந்து கிளம்பற ஃபைட்டர், 6னா அந்த வகையில ஆறாவது டிசைன், எம்னா மிட்சுபிஷி, கடைசி 2 எத்தனாவது வெர்ஷன்னு. அந்த எழுத்து என் ஆனா நகாஜிமா, கே ஆனா கவானிஷி. ஆனா இது டிசைன் பண்ண கம்பெனியோட எழுத்து, செஞ்ச கம்பெனி வேறயா இருக்கலாம், இதுல தான் நிறைய பேர் வழுக்கறாங்க. ஜீரோ மிட்சுபிஷி டிசைன், ஆனா மொத்தத்துல அதிகமா செஞ்சு தள்ளினது நகாஜிமா. ஆர்மி விமானம்னா கி நம்பர் தான், கி-43 ஹயபுசா, கி-61 ஹியென், கி-84 ஹயாட்டே இப்படி.

அப்புறம் டைப் நம்பர். அது அவங்க ஏகாதிபத்திய காலண்டர் வருஷத்தோட கடைசி எண்கள். நம்ம வருஷத்தோட 660 கூட்டினா அந்த வருஷம் வரும். டைப் 97 சி-ஹா டாங்க்னா 2597, அதாவது 1937. ஜீரோவுக்கு ஜீரோன்னு பேர் வந்ததே 1940 அவங்க கணக்குல 2600 ஆனதால தான். போருக்கு அப்புறம் வந்த தற்காப்புப் படை வண்டிங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது, டைப் 74, டைப் 90, டைப் 10 எல்லாம் நேரா கிறிஸ்து வருஷம். டைப் 97ஐயும் டைப் 90ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஏழு வருஷ வித்தியாசம்னு நினைச்சுக்கிட்டா அவ்ளோதான்.

எந்த கிட்ல ஆரம்பிக்கலாம்? என் கருத்து, எட்வார்ட் கம்பெனியோட 1/48 ஏ6எம்2 ஜீரோ. காரணம் சிம்பிள், பார்ட்ஸ் அப்படியே பொருந்தும், இடைவெளி அடைக்கிற புட்டிக்கு வேலையே அனேகமா இல்லை, அதோட ஆரம்ப கால ஜீரோ மேல கீழ எல்லாம் ஒரே கலர், இஞ்சினை மூடற கௌலிங் மட்டும் கருப்பு. ரெண்டு கலருக்கு நடுவுல மாஸ்க் பண்ற தலைவலி இல்லை. நிஜ விமானம் றெக்கைக்கு றெக்கை 12 மீட்டர், 1/48ல 25 சென்டிமீட்டர், ஒரு ஷெல்ஃப்ல வசதியா உக்காரும். இடம் கம்மின்னா 1/72, அதுல பதினாறரை சென்டிமீட்டர் சொச்சம். டமியா கம்பெனியோட 1/72 ஜீரோவும் அருமை தான், ஆனா முதல் முறை பண்றவங்களுக்கு காக்பிட் சைஸ் கண்ணைக் கெடுக்கும். 1/32 ரொம்ப அழகு, ரொம்ப பார்ட்ஸ், அப்புறம் பாத்துக்கலாம். ஹசெகாவால ஜப்பான் விமானங்களோட லிஸ்ட் ரொம்ப பெருசு, ஷோகி, ரைடென், ஷிடென்-காய், அப்புறம் நேச நாட்டுக்காரங்க கேட், வால்னு பேர் வெச்ச விமானங்க எல்லாம் கிடைக்கும், ஆனா இன்செர்ட் பேனல் (வெர்ஷனுக்கு ஏத்த மாதிரி தனியா சொருகற துண்டு) வர்ற கிட்ல ஜாயின்ட்டை தேய்ச்சு சமன் பண்ற பொறுமை வேணும். டாங்க் பக்கம்னா ஃபைன் மோல்ட்ஸ் சி-ஹா, அந்த சின்ன வண்டியோட ரிவெட் எல்லாம் பாத்தா ஆசையா இருக்கும்.

டூல்ஸ் பத்தி நீட்டல. நல்ல நிப்பர், கத்தி, 400ல இருந்து 1500 வரை சேண்ட்பேப்பர், தண்ணி மாதிரி ஓடற மெல்லிய சிமென்ட், மாஸ்கிங் டேப், ஏர்பிரஷ் இருந்தா நல்லது. லாக்கர் பெயிண்ட் அடிச்சா ஜன்னல் தொறந்திருக்கணும், ரெஸ்பிரேட்டர் மாட்டணும், துணி மாஸ்க் எல்லாம் கணக்குல வராது. ஸ்ப்ரூல (பார்ட்ஸ் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) இருந்து பார்ட்டை வெட்டும்போது ஒட்டி வெட்டாம கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் கிட்ட ஒரு வெட்டு. ஒட்டி வெட்டினா பிளாஸ்டிக் வெளுத்துப் போய் குழி விழும், ஜீரோவோட மெல்லிசான லேண்டிங் கியர் கதவுல அந்தக் குழி விழுந்தா மறைக்கவே முடியாது.

காக்பிட்ல இருந்து தான் வேலை ஆரம்பம். நேவி விமானத்துக்கு டமியா எக்ஸ்எஃப்-71 போதும், ஒரு மங்கின பச்சை. மிஸ்டர் கலர்ல மிட்சுபிஷி காக்பிட், நகாஜிமா காக்பிட்னு தனித்தனி பாட்டிலே விக்கறாங்க, அவ்ளோ தூரம் போகணும்னா போங்க, 1/72ல வித்தியாசம் தெரியாது, 1/32ல தெரியும். இந்த எக்ஸ்எஃப்-71ஐ ஆர்மி விமானத்துக்கும் ஊத்திடாதீங்க, ஆர்மிக்கு கம்பெனிக்குக் கம்பெனி உள் கலர் வேற, ரெஃபரன்ஸ் பாத்துட்டுத் தான் கை வைக்கணும். மிட்சுபிஷி ஜீரோல பைலட் தலைக்குப் பின்னாடி, கண்ணாடிக்கு அடியில தெரியற அந்த மேடு கௌலிங் மாதிரியே கருப்பு. கானபி (காக்பிட்டை மூடற அந்தக் கண்ணாடி) ஒட்டினதுக்கு அப்புறம் இதை அடிக்கவே முடியாது, அதனால உடம்பு ரெண்டு பாதியையும் சேர்த்த உடனே இதை முடிச்சிடுங்க.

அடுத்தது ஆவோடாகே. ஜப்பான் விமான மாடல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இது தான். அலுமினியம் துருப்பிடிக்காம இருக்க உள்பக்கம் எல்லாம் ஒரு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற நீலப்பச்சை லாக்கர் பூசுவாங்க, அதுக்கு அடியில மெட்டல் மினுக்கும். இதை சாதா பெயிண்ட் மாதிரி ஒரு மெட்டாலிக் பச்சையை அடிச்சா செத்த மாதிரி இருக்கும். முதல்ல நல்ல சில்வர், அது காய்ஞ்சதும் கிளியர் கிரீன் எக்ஸ்-25, கிளியர் ப்ளூ எக்ஸ்-23 ரெண்டையும் கலந்து ரொம்ப மெல்லிசா ரெண்டு மூணு கோட். எவ்ளோ நீலம் எவ்ளோ பச்சைன்னு கேக்காதீங்க, நிஜத்துலயே ஒண்ணுக்கொண்ணு மாறும், சிலது நீலமா சிலது பச்சையா இருக்கும், உள்ள இருக்கிற பார்ட்ஸ்ல வேணும்னே கொஞ்சம் மாத்தி அடிச்சா இன்னும் நல்லாருக்கும். ஆனா வீல் இருக்கிற குழி எல்லாம் ஆவோடாகே தான்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆரம்ப கால மிட்சுபிஷி ஜீரோல அங்க அடிப்பக்கத்துக் கலரே அடிச்சிருக்காங்க. இங்கயும் அதே கேள்வி தான், எந்த ஃபேக்டரி எந்த வருஷம். லேண்டிங் கியர் கால் மட்டும் குழப்பமே இல்லை, ஜீரோவுக்கு பளபள கருப்பு.

ஒட்டற வேலையில ஒண்ணு மட்டும் சொல்றேன். றெக்கையை ஒட்டும்போது மேல்பக்க ஜாயின்ட்ல இடைவெளி வரும்போல இருந்தா டேப் வெச்சு றெக்கை நுனியை லேசா மேல இழுத்துக் கட்டிட்டு சிமென்ட் விடுங்க, காய்ஞ்சதும் டேப்பை எடுத்தா இடைவெளி மூடியிருக்கும். புட்டி போட்டு தேய்ச்சா அங்க இருக்கிற ரிவெட் எல்லாம் போயிடும், அதுக்கு இது எவ்வளவோ மேல்.

இப்போ வெளி கலர். 1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர் போன ஜீரோ எல்லாமே மிட்சுபிஷி செஞ்சது, நகாஜிமா அப்போ தான் ஆரம்பிச்சிருந்தாங்க. அந்தக் கலர் பத்தி வருஷக்கணக்கா சண்டை நடக்குது, வெள்ளை கலந்த கிரேன்னு ஒரு கோஷ்டி, பச்சை கலந்த கிரேன்னு ஒரு கோஷ்டி, பழுப்பு அடிக்குதுன்னு ஒரு கோஷ்டி. இப்போ பெரும்பாலும் எல்லாரும் ஒத்துக்கிறது பச்சையும் பழுப்பும் லேசா அடிக்கிற கிரே, டமியாவே எக்ஸ்எஃப்-76னு இதுக்குன்னு ஒண்ணு விட்டிருக்கு. அதை அடிச்சு, கொஞ்சம் வெள்ளை கலந்து பேனல் நடுவுல மட்டும் லேசா ஒரு சுத்து விடுங்க போதும். நிஜத்துல அந்த பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, அதனால கடைசில டெட் மேட் அடிக்காம செமி கிளாஸ்ல நிறுத்துங்க. கௌலிங் சுத்தக் கருப்பு இல்லை, நீலம் கலந்த கருப்பு, கருப்புல சில சொட்டு நீலம் விட்டா சரியா வந்துடும். எந்த விமானந்தாங்கிக் கப்பலோட விமானம்ங்கற அடையாளமும் சரியா போடணும்: அகாகிக்கு வால்ல ஏஐ, உடம்புல ஒரு சிவப்புப் பட்டை, காகாவுக்கு ஏஐஐ, ரெண்டு சிவப்பு, சோர்யு பிஐ ஒரு நீலம், ஹிர்யு பிஐஐ ரெண்டு நீலம், ஷோகாகு இஐ ஒரு வெள்ளை, ஸுய்காகு இஐஐ ரெண்டு வெள்ளை. கிட்ல நாலஞ்சு ஆப்ஷன் டீகால் (தண்ணியில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) வரும்போது இதை மாத்தி ஒட்டி வெச்சிருக்கறவங்களை நிறைய பாக்கலாம்.

பின்னாடி வந்த ஏ6எம்5ல மேல கரும்பச்சை, கீழ கிரே. இங்க தான் ஃபேக்டரி கேள்விக்கு முழு மரியாதை. பச்சையும் கிரேயும் சந்திக்கிற கோடு மிட்சுபிஷியில வால் பக்கம் அனேகமா நேரா ஓடும், நகாஜிமாவுல பின்னாடி வளைஞ்சு மேல ஏறி கிடைவால் முன் விளிம்புல போய் முட்டும். அந்த ஒரு வளைவை வெச்சே தூரத்துல இருந்து ஃபேக்டரியைச் சொல்லிடலாம். பழைய கிரே ஜீரோல நகாஜிமா செஞ்சதுக்கு உடம்புல இருக்கிற சிவப்பு வட்டத்தைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்கும், மிட்சுபிஷிக்கு இருக்காது. றெக்கை முன் விளிம்புல மஞ்சள் பட்டை 1942ல தான் வந்துச்சு, அதனால பேர்ல் ஹார்பர் ஜீரோல மஞ்சள் பட்டை போட்டிங்கன்னா தெரிஞ்சவங்க பாத்து சிரிப்பாங்க. ப்ரொப்பெல்லரும் அப்படித் தான், ஆரம்பத்துல முன்பக்கம் பளபள மெட்டல், பின்பக்கம் மங்கின பழுப்பு, நுனியில ரெண்டு சிவப்புக் கோடு. அப்புறம் வந்ததுல முழுசும் பழுப்பு, நுனியில மஞ்சள்.

சிவப்பு வட்டம், அந்த ஹினோமாரு. இதை டீகால்ல ஒட்டாதீங்க, பெயிண்ட் அடிங்க. பிடிவாதம் மாதிரி தெரியும், ஆனா காரணம் இருக்கு. முதல் காரணம், பழைய கிட் டீகால்ல வெள்ளை மஞ்சளா போயிருக்கும், வளையம் ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெல்லிசா இருக்கும். ரெண்டாவது, பெரிய வட்டமா இருக்கறதால பேனல் கோட்டுக்குள்ள படிய வைக்க சாஃப்ட்னரை ஊத்தி ஊத்தி உயிர் போகும். மூணாவது தான் முக்கியம், விமானம் முழுக்க பெயிண்ட் உரிஞ்சிருக்கும்போது வட்டம் மட்டும் புதுசா பளிச்சுன்னு உக்காந்திருந்தா மொத்த பொய்யும் அங்க தெரிஞ்சிடும். பெயிண்ட் பண்ணினா அதுவும் கூடவே உரியும்.

எப்படி பண்றதுன்னா, டீகால் ஷீட்டை ஃபோட்டோகாப்பி எடுத்து வட்டத்தோட சைஸை அளந்துக்கோங்க, சர்க்கிள் கட்டர்ல மாஸ்கிங் ஷீட்டை வெட்டுங்க. வெளி வட்டம் ஒரு வெட்டு, உள் வட்டம் ஒரு வெட்டு, ஆக ஒரு வளையமும் ஒரு தட்டும் கிடைக்கும். ரெண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டும் வேணும். வட்டம் வரவேண்டிய இடத்துல முதல்ல வெள்ளை அடிங்க, வட்டத்தை விட கொஞ்சம் பெருசாவே. காய்ஞ்சதும் வளையத்தை மட்டும் ஒட்டுங்க. இப்போ சிவப்பு. பளீர் சிவப்பு வேண்டாம், துளி பழுப்பு கலந்த சிவப்பு. காய்ஞ்சதும் வளையத்தை எடுக்காம உள்ள அந்தத் தட்டை வெச்சு மூடிடுங்க. இதுக்கு மேல பச்சை அடிங்க, வெளிய சிதறின சிவப்பு வெள்ளை எல்லாத்தையும் பச்சை மூடிடும். பச்சை முழுசா கல்லு மாதிரி காயறதுக்கு முன்னாடி மாஸ்கை மெதுவா உரிங்க, அப்போ தான் விளிம்புல வரப்பு கட்டாது. கோட் எல்லாமே மெல்லிசா இருக்கணும், நாலு கலர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதில்ல.

இனி உரியறது. சிப்பிங்னு ஆரம்பிச்சா கையை நிறுத்தவே முடியாது நம்ம ஆளுங்களுக்கு, ஜப்பான் விமானம்னாலே தொழுநோய் வந்த மாதிரி சில்வரைத் தெளிச்சு வெச்சிடறாங்க. எல்லா விமானமும் அப்படி உரியல. ஆர்மிக்காரங்க பல விமானத்துல பிரைமர் எதுவும் இல்லாம நேரா வெறும் அலுமினியம் மேல பச்சையை அடிச்சாங்க, வெயில்லயும் மழையிலயும் நின்னு அது பட்டை பட்டையா போச்சு. அதனால தெற்கு பசிஃபிக்ல இருந்த ஹயபுசாவுக்கு தாராளமா உரிக்கலாம். ஆனா ஆரம்ப கால ஜீரோவுக்கு கீழ செம்பழுப்பு பிரைமர் இருந்துச்சு, ஃபினிஷும் தரமா இருந்துச்சு, கப்பல்ல நல்லா பராமரிச்சாங்க. அதுக்கு சிப்பிங் அனேகமா வேண்டாம், வேணும்னா கௌலிங் விளிம்புல நாலு கீறல். 1943ல ரபௌல்ல (நியூ கினி பக்கத்துல இருந்த ஜப்பான் தளம்) இருந்த ஜீரோ இன்னொரு கதை, கிரே விமானத்து மேல அங்கயே ஃபீல்டுல பச்சையை அவசரமா தெளிச்சாங்க, அதனால பச்சை உரிஞ்சா அடியில தெரியறது கிரே, சில்வர் இல்லை. இது ஒண்ணைச் சரியா பண்ணினாலே மாடல் தனியா தெரியும்.

இன்னொண்ணு, ஜீரோவோட ஐலரான், ரட்டர், எலிவேட்டர் (விமானத்தைத் திருப்ப றெக்கையிலயும் வால்லயும் அசையற பார்ட்ஸ்) மூணும் துணி போத்தின பார்ட்ஸ். துணி உரிஞ்சா அடியில மெட்டல் எங்க இருந்து வரும்? ஆனா எத்தனை மாடல்ல ரட்டர்ல சில்வர் புள்ளி பாக்கறோம். அங்க பெயிண்ட் வெளுக்கலாம், அழுக்காகலாம், உரிஞ்சு மினுக்கக் கூடாது.

டெக்னிக் இப்படி. சில்வர் லாக்கர், அதுக்கு மேல கிளியர் லாக்கர் ஒரு கோட், ஒரு ராத்திரி காய விடுங்க. அப்புறம் ஹேர்ஸ்ப்ரே ரெண்டு கோட், இல்லைன்னா கடையில விக்கிற சிப்பிங் ஃப்ளூயிட். அது மேல அக்ரிலிக் பச்சை, இதை லாக்கர் தின்னர்ல கலக்காதீங்க, எக்ஸ்-20ஏ இல்லைன்னா தண்ணியிலயே கலங்க, லாக்கர் தின்னர் போட்டா பிடிச்சுக்கிட்டு உரிய மாட்டேங்கும். அரை மணி நேரம் கழிச்சு வெதுவெது தண்ணியை பிரஷ்ல தொட்டு சின்ன இடமா நனைங்க, ஒரு நிமிஷம் பொறுத்து கட்டையான பிரஷ்ஷால லேசா குத்துங்க, டூத்பிக் நுனியால கோடு இழுங்க. உரியற இடம் எதுன்னா ஆள் மிதிக்கிற இடம், கை படற இடம், அடிக்கடி கழட்டி மாட்டற பேனல். ஜீரோல பைலட் ஏறுறது இடது பக்கம், உள்ள மடக்கி வெக்கிற படி அங்க தான் இருக்கு, அதனால றெக்கை உடம்போட சேர்ற இடத்துல இடது பக்கம் அதிகமா தேய்ஞ்சிருக்கணும், வலது பக்கம் கம்மி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உரிச்சா யாரோ அளவெடுத்து உரிச்ச மாதிரி இருக்கும்.

ஹியென் பண்றவங்களுக்கு இதெல்லாம் விட பெரிய வேலை அந்தப் புள்ளிக் கேமஃப்ளாஜ். வெறும் மெட்டல் மேல கரும்பச்சை நெளிநெளியா இருக்கும். பளபள கருப்பு பேஸ், அதுக்கு மேல நல்ல அலுமினியம் பெயிண்ட், பேனலுக்குப் பேனல் ஷேடை கொஞ்சம் மாத்தி. அப்புறம் பச்சையை பால் பதத்தை விடவும் தண்ணியா கரைச்சு, பிரஷர் 10 பிஎஸ்ஐ பக்கம் இறக்கி, மாடலுக்கு ரொம்ப கிட்ட போய் சின்ன நெளிவா போடுங்க. வட்டப் புள்ளியா போட்டா சிறுத்தை ஆயிடும், சின்ன புழு நெளியற மாதிரி குட்டிக் கோடு வரணும். நேரா மாடல்ல ஆரம்பிக்காம ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன்ல சில்வர் அடிச்சு அதுல கை பழகினதுக்கு அப்புறம், முதல்ல அடிப்பக்கம் தெரியாத இடத்துல ஆரம்பிங்க. இது வேண்டாம் புள்ளி இல்லாத ஹியென் வேணும்னா வெறும் மெட்டல்லயே பறந்ததும் உண்டு. நிஜ ஹியென் ஒண்ணு ஜப்பான்ல காகாமிகஹாரா மியூசியத்துல பெயிண்ட் இல்லாம வெறும் மெட்டலா நிக்குது, ஷேப் பாக்க அதோட ஃபோட்டோஸ் ரொம்ப உதவும். ஹயாட்டேவுக்கு சிரான் மியூசியம், உலகத்துல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணு தான். ஜீரோவுக்கு டோக்கியோல யுஷுகான். ஒரு எச்சரிக்கை, மியூசியத்துல இருக்கிற விமானத்தோட பெயிண்ட்டை நம்பாதீங்க, பல தடவை மறுபடி அடிச்சிருப்பாங்க, ஷேப், ரிவெட், ஜாயின்ட் இதுக்கு மட்டும் பாருங்க.

பேனல் லைன்ல வாஷ் (தண்ணியா கரைச்ச கரும் கலர்) விடறப்போ ஒரு ஆபத்து. எனாமல் வாஷ் பெயிண்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்ல, அதுவும் இழுவை இருக்கிற ஜாயின்ட்ல இறங்கிச்சுன்னா பிளாஸ்டிக் விரிசல் விட்டு லேண்டிங் கியர் கால் தனியா வந்துடும். கிளாஸ் கோட் அடிச்சு மூடிட்டு அப்புறம் விடுங்க. கிரே ஜீரோவுக்கு கருப்பு வாஷ் விடாதீங்க, பள்ளிக்கூட நோட்டுல ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி ஆயிடும், கரும்பழுப்போ கிரேயோ போதும். எக்ஸாஸ்ட் கறையும் மாடலுக்கு மாடல் வேற, ஏ6எம்2ல பக்கத்துக்கு ஒரு குழாய், ஒரு நீளக் கறை. ஏ6எம்5ல தனித்தனியா குட்டிக் குழாய்ங்க, அதனால கறை பரவலா வரணும்.

ஏரியல் கம்பி ஒட்டறதுக்கு முன்னாடி உங்க விமானத்தோட ஃபோட்டோவைப் பாருங்க. நிலத்துல இருந்து பறந்த யூனிட்ல சிலர், தைனான் ஏர் குரூப் மாதிரி, எடை குறையட்டும்னு ரேடியோவையே கழட்டிட்டு மரத்துல செஞ்ச ஏரியல் கம்பத்தை அறுத்தே போட்டுட்டாங்க. அப்படிப்பட்ட விமானத்துக்கு கம்பி இழுத்தா வேலையும் வீண்.

சரி, டாங்க். சி-ஹா நிஜத்துல அஞ்சரை மீட்டர் தான், 1/35ல பதினாறு சென்டிமீட்டர் கூட வராது, ஜெர்மன் டாங்க் பக்கத்துல வெச்சா குட்டிப்பிள்ளை. டரெட்டைச் சுத்தி தலைப்பாகை கட்டின மாதிரி ஒரு ஏரியல் வளையம் இருக்கும், அதை ஸ்ப்ரூல இருந்து வெட்டும்போது தான் பாதி பேர் உடைக்கிறாங்க, நிப்பர் வேண்டாம், மெல்லிசான ரம்பம் வெச்சு அறுங்க. பழைய சி-ஹாவுக்கு 57 எம்எம் குட்டையான பீரங்கி, புது டரெட் வந்த ஷின்ஹோட்டோ சி-ஹாவுக்கு 47 எம்எம் நீளமானது, எது வாங்கறீங்கன்னு டப்பாவைப் பாத்து வாங்குங்க.

கேமஃப்ளாஜ்ல இங்கயும் அதே வருஷக் கேள்வி. ஆரம்ப காலத்துல காக்கி, பச்சை, பழுப்பு திட்டுகளுக்கு மேல குறுக்கும் நெடுக்குமா ஒரு மஞ்சள் பட்டை ஓடும், பாத்தா இதெப்படி ஒளிஞ்சுக்க உதவும்னு தோணும். 1942 வாக்குல அந்த மஞ்சள் பட்டையை நிறுத்திட்டாங்க. திட்டோட விளிம்பு கூர்மையா இருக்கும், ஸ்ப்ரே பண்ணின மாதிரி மங்கலா இருக்காது, அதனால ஏர்பிரஷ் இல்லாதவங்களுக்கு இது வரப்பிரசாதம். பேஸ் கலரை ஸ்ப்ரே கேன்ல அடிச்சிட்டு திட்டு எல்லாத்தையும் பிரஷ்ல கையாலயே வரையலாம், பெயிண்ட்டை கொஞ்சம் கரைச்சு ரெண்டு கோட்டா போடுங்க, பிரஷ் தடம் தெரியாது. மஞ்சளுக்கு கீழ வெள்ளையோ வெளிர் பழுப்போ ஒரு கோட் போட்டா ஒரே தடவையில மூடும். ஜப்பான் ஆர்மி டாங்க் கலருக்குன்னே செட்டா விக்கிறாங்க, தனித்தனியா கலந்து அவஸ்தைப்படத் தேவையில்லை.

இப்போதைய தற்காப்புப் படை வண்டிங்க, டைப் 90, டைப் 10, எட்டு சக்கரம் வெச்ச டைப் 16 எல்லாம் ரெண்டே கலர், எக்ஸ்எஃப்-72 பழுப்பு, எக்ஸ்எஃப்-73 கரும்பச்சை. பழைய டைப் 61, ஆரம்ப கால டைப் 74க்கு ஒரே கலரா ஆலிவ் டிராப், எக்ஸ்எஃப்-74. இதுல விளிம்பு லேசா மங்கலா இருக்கும், போஸ்டர் ஒட்டற புட்டியை கயிறு மாதிரி உருட்டி விளிம்புல வெச்சு, உள்பக்கத்தை டேப்பால மூடிட்டு அடிச்சா 1/35க்கு சரியான மென்மை வந்துடும். டைப் 74ல சஸ்பென்ஷனை ஏத்தி இறக்கி வண்டியையே முன்னாடி குனிய வைக்கலாம், சக்கரத்தோட கையை அந்தக் கோணத்துல ஒட்டினா தனி அழகு, ஆனா எல்லா கையும் ஒரே கோட்டுல இறங்குதான்னு ஒரு ஸ்கேலை அடியில வெச்சு பாத்துட்டு சிமென்ட் விடுங்க. துரு, பள்ளம், சிப்பிங் எல்லாம் இந்த வண்டிங்களுக்கு வேண்டாம், நல்லா கழுவித் துடைச்சு வெச்சிருக்கிற படை அது. தூசியும் சேறும் மட்டும் போதும், அதுலயும் ஃபுஜி மலை அடிவார பயிற்சி மைதானத்து மண் எரிமலை மண், கருப்பு அடிக்கிற கரும்பழுப்பு, மஞ்சள் மண் பவுடரைத் தூவினா பாலைவனத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி ஆயிடும்.

டைப் 90 பெரும்பாலும் ஹொக்கைடோல தான் இருக்கு, அதனால பனிக்கால வெள்ளையும் அடிக்கலாம். ரெண்டு கலர் கேமஃப்ளாஜை முழுசா முடிச்சு டீகால் ஒட்டி கிளியர் கோட் போட்டு மூடினதுக்கு அப்புறம், மேல சொன்ன அதே ஹேர்ஸ்ப்ரே, அதுக்கு மேல அக்ரிலிக் வெள்ளை திட்டு திட்டா. வெள்ளையில சொட்டு கிரே கலந்துக்கோங்க, சுத்த வெள்ளை 1/35ல பொம்மை மாதிரி கண்ணைக் குத்தும். ஆட்கள் ஏறி இறங்கற ஹேட்ச் சுத்தி, இஞ்சின் மூடி மேல, பக்கவாட்டு ஸ்கர்ட் அடியில ஈர பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க, யூனிட் மார்க்கிங் மேல வெள்ளை ஏறாம முன்னாடியே ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க.